உளி எடுக்கும் முன்

பேஸ் கிதாரின் பிக்கார்டு தகட்டைக் கழற்றியதும் உள்ளே ஒரு குழி தெரிந்தது. தொழிற்சாலையில் கடைந்த குழி இல்லை. யாரோ உளி வைத்துக் கொத்தியிருந்தார்கள். ஓரமெல்லாம் மரம் சிம்பு சிம்பாகப் பிளந்து நின்றது. குழிக்குள் ஒரு பெரிய ஹம்பக்கர் பிக்கப், அதற்குப் பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரிக்காக இன்னொரு குழி, இரண்டுக்கும் நடுவே வயர் போகக் கோணலாக ஒரு துளை. பேஸ் கிதார் 1970-களின் ஜப்பானியத் தயாரிப்பு. தலையில் இருந்த பெயர் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. கொண்டுவந்த பையன் சர்ச்சில் வாசிக்கிறவன். அவனுடைய தாய்மாமா திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் வாசித்த கிதார் அது.

"இரைச்சல் நிக்கவே மாட்டேங்குதுண்ணா. மாமா இருக்கும்போதே ரெண்டு தடவ பிக்கப் மாத்தியிருக்காரு. நாம நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?"

ஆம்பில் சொருகினேன். ஊம் என்று இரைந்தது. உள்ளங்கையால் நாலு கம்பிகளையும் அழுத்திப் பிடித்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. சரியாக இருக்கும் பேஸில் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் சட்டென்று தணியும். கம்பிகள் பிரிட்ஜில் மாட்டியிருக்கின்றன. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு சின்ன வயர் வந்து அதை எர்த்தோடு சேர்க்கிறது. தொடும் விரல் வழியாக நம் உடம்பும் அந்த எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. பிரிட்ஜைக் கழற்றினேன். வயரின் நுனி பச்சையாகக் களிம்பேறி, மரத்துளைக்குள்ளேயே அறுந்து கிடந்தது. விரல் நீளம்கூட இருக்காது. ஹம்பக்கர், காந்தப்புலத்திலிருந்து தன் சுருள்கள் பிடிக்கும் இரைச்சலைத்தான் நீக்கும். எர்த் இல்லாத கம்பியும் வாசிப்பவரின் உடம்பும் சேர்ந்து கொண்டுவரும் இரைச்சலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அறுந்தது இந்த வயர் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள்.

பழைய பேஸ் கிதார்களைப் பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது என்ற இரண்டு வேலைகளைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து இந்தக் குழியைப் பார்த்தாலே விளங்கும். என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல், மாற்றம் என்ற பெயரில் நடந்தது நோய் கண்டுபிடிக்காமல் செய்த வைத்தியம்தான். மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வாத்தியத்தின் வரலாறே மாற்றியவர்களின் வரலாறு. பழுது நீங்கிய பிறகு எஞ்சும் குறை எதுவோ அதற்காக மட்டும் மாற்றுங்கள் என்கிறேன்.

பேஸ் கிதாரை உருவாக்கிய விதமே கழற்றிப் பூட்டுவதற்குத் தோதானது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபென்டர், 1951-ல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேர்க்காரராக யோசித்தார். நெக்கை உடம்போடு பசை போட்டு ஒட்டாமல் நாலு திருகுகளால் பூட்டினார். கன்ட்ரோல்களை ஒரு தகட்டில் வைத்தார். தகட்டைத் தூக்கினால் வயரிங் முழுவதும் கண்முன் இருக்கும். அதற்கு முன் இருந்த ஆளுயர டபுள் பேஸில் நெக் உடைந்தால் பசை, இறுக்கி, வாரக்கணக்கில் காத்திருப்பு. இங்கே ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். 1967-ல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் ஐந்து பிரிசிஷன் பேஸ்களின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றைப் பூட்டி, அதற்கு ஃபிராங்கன்ஸ்டைன் என்று பெயரும் வைத்தார். உதிரிகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்திருந்ததால்தான் அது முடிந்தது.

இந்தச் சுலபம் பெரிய வரம். கெடுதலும் அதே சுலபத்திலிருந்து வருகிறது. வீணையையோ வயலினையோ யாரும் வீட்டு மேசையில் வைத்து உளியால் கொத்துவதில்லை, ஆசாரியிடம்தான் போவார்கள். பேஸ் கிதார் மட்டும் எவர் கைக்கும் திறந்துகொடுக்கிறது.

முதலில் பழுதுபார்ப்பின் பக்கம். 34 அங்குல நீளத்தில் நாலு கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றினால், அவை சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை ஏறக்குறைய 75 கிலோ. ஒரு ஆள் இரவும் பகலும் நெக்கில் தொங்கிக்கொண்டிருப்பது போல. அதை எதிர்த்து நிற்கத்தான் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. சென்னைக் காற்றின் ஈரத்தில் மரம் நீர் குடிக்கும், ஏசி அறையில் காயும், நெக் அதற்கேற்ப வளைந்துகொண்டே இருக்கும். கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்க்கலாம். கூடுதல் என்றால் ட்ரஸ் ராட் நட்டைக் கால் சுற்று இறுக்கிவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். மரம் மெதுவாகத்தான் கேட்கும்.

அந்த ராத்திரிக்குப் பிறகு வாத்தியம் வேறு மாதிரி இருக்கும். கம்பி தாழும், விரல் நோகாது, மேல் ஸ்தாயியில் சுருதி சேரும், "மந்தமா இருக்கு" என்று சொல்லப்பட்ட ஒலியே தெளிவாகக் கேட்கும். புது பிக்கப், புது பிரிட்ஜ், சில சமயம் புதுக் கிதார் என்றே முடிவுசெய்து வருகிறவர்கள் பலருக்கு அந்தக் கால் சுற்றில் தேவை தீர்ந்துவிடுகிறது. செலவு அநேகமாக இல்லை. எடுத்த எதையும் திரும்ப வைக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் பழுதுபார்ப்பதும் தீங்கில்லாத வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ஃபென்டர்களில் ட்ரஸ் ராட் நட்டு நெக்கின் அடிப்பக்கம், உடம்புக்குள் மறைந்திருக்கும். அதைத் திருப்ப ஒவ்வொரு முறையும் நெக் திருகுகளைத் தளர்த்தியாக வேண்டும். அறுபது வருடம் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் திருகு மரத்தில் பிடிக்கவே பிடிக்காது. எடுத்துவைத்த திருகு தன் துளையில் தானே சுழல்வதைப் பார்த்திருக்கிறேன். ஃபிரெட் மாற்றுவது இன்னும் ஆபத்து. அந்தக் காலத்து ஃபென்டரில் ஃபிரெட்டை மேலிருந்து அடித்து இறக்கவில்லை, பக்கவாட்டில் காடிக்குள் செலுத்தினார்கள். இது தெரியாதவர் குறடு வைத்து நேராக மேலே பிடுங்கினால், ஃபிரெட்டோடு சேர்ந்து பலகையின் ரோஸ்வுட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். வந்த வழியாகவே பக்கவாட்டில் தட்டி வெளியேற்ற வேண்டும். பழுதுபார்ப்பவருக்குக் கைத்திறன் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வரலாறும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ரோஸ்வுட்டை மறுபடி கொண்டுவரவும் முடியாது. 1960-களின் நடுப்பகுதி வரை பிரேசில் மரம் போட்டார்கள். பிறகு இந்திய மரத்துக்கு மாறினார்கள், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி மரம். பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992-லிருந்து தடை இருக்கிறது.

இப்போது மாற்றங்களின் பக்கம். பெரும்பாலும் கை முதலில் போவது பிக்கப்புக்கு. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிடச் சன்னமான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியதுதான் பிக்கப். சுற்றுகள் கூடினால் சத்தம் கூடும், உச்ச ஒலிகள் மங்கும். புதுப் பிக்கப்பின் பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தக் கொடுக்கல்வாங்கலில் ஒரு பக்கத்தை மட்டும்தான். பழைய பிக்கப் மெலிதாகப் பேசுகிறது என்றால் அதன் உயரத் திருகை இரண்டு சுற்று ஏற்றிப் பார்த்தோமா? வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 250 கிலோ ஓம் பாட் தூசியேறிக் கரகரக்கிறதா, கிளீனர் அடித்தோமா? டோன் பாட்டில் இருக்கும் கெப்பாசிட்டர் கசிகிறதா? சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. இவ்வளவும் பார்த்த பிறகும் ஒலி போதவில்லை என்றால் மாற்றலாம். மாற்றும்போது பழைய குழியின் அளவுக்குள்ளேயே அடங்கும் பிக்கப்பைத் தேடுவதுதான் நியாயம். ஸ்க்ரூடிரைவரால் செய்ததை ஸ்க்ரூடிரைவரால் அவிழ்த்துவிடலாம். கொத்திய மரம் வளராது.

உள்ளே பேட்டரி வைத்து ப்ரீஆம்ப் பூட்டுவது பற்றி எனக்கு நெடுநாள் வெறுப்பு இருந்தது. இன்று அந்த அளவுக்கு இல்லை. பேட்டரி இல்லாத பேஸில் டோன் கன்ட்ரோல் உச்ச ஒலியைக் குறைக்க மட்டும்தான் செய்யும், கூட்டாது; நீளமான கேபிளும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் உச்ச ஒலியைத் தின்றுவிடும். ப்ரீஆம்ப் அந்த இழப்பைத் தடுக்கும், அடி ஒலியையும் உச்சத்தையும் தூக்கியும் கொடுக்கும். அது ஒன்று. இன்னொன்று, நம் ஊர் மேடைகள். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டரிலிருந்து இழுத்த லைனில் எர்த் இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. பேஸின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக் வேறொரு லைனில் இருக்கும். கம்பியில் விரலை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று அடிக்கும். நானே வாங்கியிருக்கிறேன். ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்களில் கம்பிக்கு எர்த் கொடுக்கவே தேவையில்லை, வயரை எடுத்துவிடச் சொல்லித் தயாரிப்பாளரே குறிப்புக் கொடுக்கிறார். மேடை மேடையாக ஏறி வாசிக்கிறவர் உயிருக்குப் பயந்து இந்த மாற்றத்தைக் கேட்டால், அசல் தன்மை போய்விடும் என்று எதிர்வாதம் பேச எனக்கு மனம் வராது. முறையான மருந்து எர்த் உள்ள பிளக் பாயின்ட்தான். அது வாசிக்கிறவர் கையில் இல்லையே.

மாற்றத்துக்காக வாதாடுகிறவர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டுவது இரண்டு பேரை. ஒருவர் மார்கஸ் மில்லர். அவருடைய 1977 ஃபென்டர் ஜாஸ் பேஸில் நியூயார்க் கிதார் கைவினைஞர் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் வைத்தார், கனமான பிரிட்ஜ் பூட்டினார். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் அந்தத் தெறிப்பான ஒலி பிறகு ஒரு தலைமுறைக்கே அளவுகோலாகிவிட்டது. இங்கே மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ ஓடிக்கொண்டிருந்தவர் அவர். என்ன ஒலி வேண்டும் என்று தெரிந்து கேட்டார். கேட்டதைச் செய்தவர் அந்தத் தொழிலையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்.

இன்னொருவர் ஜாக்கோ பஸ்டோரியஸ். நான் மேலே சொன்ன எந்த எச்சரிக்கைக்கும் அவருடைய கிதார் அடங்காது. 1962 ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃபிரெட்களெல்லாம் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் மரப்புட்டியால் அடைக்கப்பட்டு, அதன்மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பூசப்பட்டது. சேகரிப்பாளர் கண்ணுக்கு அது அழிவு. ஆனால் அந்தப் பூச்சுக்குக் காரணம் இருந்தது. ஃபிரெட் இல்லாத பலகையில் சுருள் சுற்றிய எஃகுக் கம்பிகள் அரம் போல் ரோஸ்வுட்டை அராவும். கண்ணாடி மாதிரி இறுகிய எபாக்ஸி மரத்தைக் காத்தது, கூடவே நீண்டு இழையும் அந்தக் குரலையும் கொடுத்தது. 1976-ல் வந்த அவருடைய முதல் தனித் தொகுப்பைக் கேட்ட யாரும் அந்த ஃபிரெட்களுக்காக வருந்தமாட்டார்கள். நானும் வருந்தவில்லை. 1980-களின் நடுவில் அந்த பேஸ் சுக்குநூறாக உடைந்தது. துண்டுகளை வைத்தே இரண்டு கைவினைஞர்கள் அதைத் திரும்ப ஒட்டினார்கள். 1986-ல் நியூயார்க்கில் திருடுபோனது. மறுவருடம் அவரும் போய்விட்டார், வயது 35. இருபது வருடம் கழித்து 2006-ல் அது ஒரு கடையில் தலைகாட்டியது. பிறகு மெட்டாலிகா குழுவின் பேஸ் வாசிப்பாளர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து மீட்க உதவினார். பிடுங்கி, பூசி, உடைத்து, ஒட்டிய அதை இன்றைக்கும் உலகம் ஜாக்கோவின் பேஸ் என்றுதான் அழைக்கிறது.

அப்படியென்றால் என் விதி தப்பா? அவர் திரும்பி வராத வழியில் போனார் என்பது உண்மை. ஒவ்வொரு அடியையும் எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்து போனார் என்பதும் உண்மை. அதைப் பார்த்துப் பழைய நெக்குகளில் ஃபிரெட்டைப் பிடுங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு ஃபிரெட் இல்லாமல் சுருதி நிற்கவில்லை. நெக் போனது போனதுதான். மேதை ஒருவரின் துணிச்சலை எல்லோருக்குமான பொது அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான் இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

எதையும் மாற்றாமல், சொல்லப்போனால் பழுதைக்கூடப் பார்க்காமல் வாசித்த மேதையும் உண்டு. டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் கம்பிகள் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. தட்டைச் சுற்றுக் கனக் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் செருகியிருக்கும். இன்றைய எந்த டெக்னீஷியனிடம் கொடுத்தாலும் முதல் நாளே நெக்கை நிமிர்த்தி, கம்பியை மாற்றி, ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டுவிடுவார். போட்டிருந்தால் அந்தக் கட்டையான, உடனே அடங்கும், பாட்டின் நெஞ்சிலேயே விழும் ஒலி போயிருக்கும். பழுது என்று நாம் பார்ப்பதைச் சில சமயம் வாசிப்பவர் தன் குரலாக்கி வைத்திருக்கிறார். 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அந்த பேஸ் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கேயாவது ஒரு கையில், கம்பி மாற்றி நெக் நிமிர்த்தி இருக்குமோ என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதனால்தான் பழைய பேஸ் வந்தால் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் கொண்டுவந்தவரை வாசிக்கச் சொல்கிறேன். எந்த விரல் எங்கே விழுகிறது, எவ்வளவு அழுத்தி இழுக்கிறார், எந்த ஃபிரெட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறார். அதைப் பார்க்காமல் அளவுகோலைப் பார்ப்பதில் பயனில்லை.

சேகரிப்பாளர்களின் "அசல்" வழிபாட்டோடும் எனக்குச் சண்டை உண்டு. பழைய வால்யூம், டோன் பாட்களின் முதுகில் எண் குத்தியிருக்கும். 1376633 என்றால் 137 தயாரித்த நிறுவனம், 66 வருடம், 33 வாரம். 1966-ன் 33-ஆம் வாரம் செய்தது. இதைப் படிப்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த எண்ணுக்காகவே செத்துப்போன பாட் ஒன்றைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். ஈயம் உருகிய தடம் தெரிந்தால் விலை இறங்கும், மறுபூச்சுப் பூசினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது சந்தைக் கணக்கு. ஓசை வராத வாத்தியம் கண்ணாடிப் பெட்டிக்குள் விலை ஏறிக்கொண்டிருப்பதை என்னால் பாதுகாப்பு என்று சொல்ல முடியவில்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: கழற்றியதைத் தூக்கிப் போடாமல் இருப்பது. பழைய பாட், பழைய நட், பழைய திருகு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, தேதியும் செய்த வேலையும் எழுதிக் கிதார் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். நாளைக்கு அதைத் திறப்பவர் மேல் நான் காட்ட முடிந்த மரியாதை அது. மாமாவின் கிதாரில் அப்படி ஒரு கவர் இருந்திருந்தால் முதலில் இருந்த பிக்கப் என்ன என்றாவது தெரிந்திருக்கும்.

ஆனாலும் மாமாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழ்க் காது பேஸ் கிதாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகியது இளையராஜாவின் பாட்டுகளில். அவருடைய பேஸ் வாசிப்பாளர் சசிதரன் வாசித்த அந்த ஓட்டங்களை ஊர் ஊராக மேடையில் கொண்டுவர வேண்டிய வேலை இந்த மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு இருந்தது. இரைச்சலுக்கு நடுவே அடி ஒலி தெளிவாகக் கேட்டாக வேண்டும். கேட்டு விசாரிக்க ஆள் இல்லை, பொருள் இல்லை, படிக்கப் புத்தகம் இல்லை. யாரோ ஒரு ரேடியோ மெக்கானிக் தனக்குத் தெரிந்ததைச் செய்து கொடுத்திருக்கிறார். உளித் தடம் முரடாக இருக்கிறது. ஆனால் சால்டரிங் ஒவ்வொன்றும் பளிச்சென்று, முத்து மாதிரி உருண்டு நின்றது. கை நல்ல கை.

புது எர்த் வயர் போட்டு, நுனியைப் பிரித்து விசிறி போல விரித்து, பிரிட்ஜை அதன்மேல் இறுக்கினேன். ஆம்பைப் போட்டு அவன் கம்பியில் விரல் வைத்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் விரலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப புது பிக்கப் வேணாமாண்ணா?"

"ஆறு மாசம் இதுலயே வாசி. அப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வா, போடலாம்."

குழியை அடைத்துவிடலாமா என்று கேட்டான். பிக்கார்டுக்கு அடியில் இருப்பது யாருக்கும் இடைஞ்சல் இல்லை, விட்டுவிடு என்றேன். உடம்புக்குப் புதிதாக பெயின்ட் அடிக்கும் ஆசையும் இருந்தது அவனுக்கு. மேல்பக்கம், கட்டைவிரல் ஊன்றும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. அவன் கட்டைவிரல் தானாகவே அங்கேதான் போய் உட்கார்ந்தது. அதைக் காட்டினேன். பெயின்ட் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

ஏழாவது ஃபிரெட்டில் ஈ கம்பி இன்னும் லேசாக உரசுகிறது. நெக் ஒரு வாரம் நிலைக்கட்டும், அடுத்த சனிக்கிழமை கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன்.